இரண்டு டின் கல்லுப்பு

என்னை யாராவது கெட்டிக்காரி என்று சொன்னால் இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுகிறேன். எங்கள் கடற்கரை ஊரான மெர்சிங்கில் நாலு மாதமாக அப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. மீன் மார்க்கெட்டில் சொன்னார்கள், படகுத்துறையில் சொன்னார்கள், என் மகள் படித்த பள்ளியின் டீச்சர் ஒருவர் காரை ஓரங்கட்டி இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர்களைச் சொல்ல வைத்தவர் என் வீட்டுக்காரர். வலது கை போன மனுஷன், தன் கையைப் பற்றிப் பேசாமல் பெண்டாட்டியின் மூளையைப் பற்றியே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

என் பெயர் மீரா பீவி. இவர் பெயர் சாஜித். என் அத்தை மகன். அதனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகும் எனக்கு மச்சான்தான். ஆற்றோரத்தில் எங்களுக்கு மீன் வெட்டும் கொட்டகை இருக்கிறது. தெங்கிரி என்று இங்கே சொல்லும் வஞ்சிர மீனைப் படகுக்காரர்களிடம் வாங்கி, உறைய வைத்து, துண்டு போட்டு, குளுவாங், பத்து பாகாட், ஜொகூர் பாரு என்று வெளியூர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அனுப்புவோம். இவர் ரம்ப மெஷினில் அறுப்பார், நான் பெட்டி கட்டுவேன். பெட்டி கட்டுவதில் இந்த ஆற்றங்கரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

பெட்டி கட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இடித்த ஐஸை நுரைப்பெட்டியின் அடியில் பரப்பி, மீனை அடுக்கி, மேலே மறுபடியும் ஐஸ் கொட்ட வேண்டும். பக்கத்து ஊருக்கு அது போதும். தூரத்துக்குப் போகிற பெட்டியில் ஐஸின் மேல் கல்லுப்பைத் தூவுவோம். உப்பு பட்டால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும், மீன் கல்லு மாதிரி போய்ச் சேரும். அளவுக்கு ஒரு பழைய பால் டின் வைத்திருக்கிறோம். தூரத்தைப் பார்த்து இரண்டு டின்னோ மூன்று டின்னோ போடுவோம். இதை நான் யோசித்துச் செய்ததே இல்லை. சோற்றுக்கு உப்புப் போடுகிறவள் யோசித்தா போடுகிறாள்?

மார்ச் மாதம், மழைக்காலம் முடிந்து படகுகள் மறுபடியும் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம். குளுவாங்கில் ஒரு கல்யாண விருந்துக்கு அறுபது கிலோ கேட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி இருக்கும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஐஸ் இடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மெஷினின் சத்தம் ஒரு கணம் கனத்து மறுபடியும் லேசானது. உறைந்த மீனை அறுக்கிற சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். இவர் நின்றுகொண்டிருந்தார். வலது கை மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே முடிந்துபோயிருந்தது. என்னைப் பார்த்து, மெஷினை நிறுத்து என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்துக் கடையில் இருந்த இவருடைய அண்ணன் அப்துல் ஹலீம் ஓடிவந்து துண்டால் இறுக்கிக் கட்டி, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் போகவில்லை. கையைத் தேட வேண்டியிருந்தது.

மேஜைக்கு அடியில், மீன் தலையும் வாலும் விழுகிற வாளிக்குள் கையுறையோடு கிடந்தது. கையுறையைக் கழற்றினேன். குழாய்த் தண்ணீரில் கழுவினேன். நான் அலறவில்லை, மயங்கி விழவில்லை. ஒட்ட வைத்துவிடுவார்கள், எத்தனையோ கேள்விப்பட்டிருக்கிறோம், கெடாமல் கொண்டுபோனால் போதும் என்ற ஒரே நினைப்புதான். சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தேன். அடியில் ஐஸ், நடுவில் கை, மேலே ஐஸ். ஹலீம் மச்சான் போன் செய்து, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்புகிறார்கள், நீ கையை எடுத்துக்கொண்டு நேரே அங்கே வந்துவிடு என்றார். இரண்டரை மணி நேரப் பாதை. தூரம் என்றதும் என் கை தானாகவே பால் டின்னைத் தேடியது. இரண்டு டின் கல்லுப்பைத் தூவி, மூடியை அழுத்தி, சுற்றிலும் டேப் ஒட்டினேன்.

வேனின் முன்சீட்டில் பெட்டியை வைத்து சீட் பெல்ட் போட்டேன். வழியில் வருகிற கோத்தா திங்கி ஊர் வரைக்கும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள்தான். வழியெல்லாம் அந்தப் பெட்டியோடு பேசிக்கொண்டே போனேன். கொஞ்சம் பொறுத்துக்கோ, வந்தாச்சு, வந்தாச்சு என்றேன். ஒரு தடவைகூட மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் குளிர் போய்விடும். அது பெட்டி கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

ஆஸ்பத்திரியில் கைக்கென்றே இருக்கிற டாக்டர் வந்தார். ஷர்மினி என்று பெயர், நம் தமிழ்ப் பெண்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல வேளை, கையைக் கொண்டு வந்துவிட்டீர்களே என்று ஆசையாகப் பெட்டியை வாங்கினார். டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தவர், ஐஸை விலக்கிக் கையை வெளியே எடுத்தார். அந்தக் கையை அவர் எஃகுத் தட்டில் வைத்தபோது டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுவரில் இரண்டு எக்ஸ்ரே வெளிச்சமாகத் தெரிந்தன. ஒன்று இவரோடு இருந்த முன்கை, இன்னொன்று நான் கொண்டுபோன கை. இரண்டுக்கும் நடுவே ஒரு வெட்டு, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

அதிர்ச்சியில் இருக்கிற ஆளிடம் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டர் முதலில் எலும்புகளைக் காட்டினார். முன்கையில் இரண்டு எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அசையாமல் நிற்கும். பெருவிரல் பக்கம் இருப்பது அதன்மேல் புரண்டு வரும். நாம் உள்ளங்கையை நிமிர்த்துவதும் கவிழ்ப்பதும் அப்படித்தான் என்றார். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக இருந்தன. உள்ளங்கையில் ஐந்து. பெருவிரலுக்கு இரண்டு, மற்ற நாலு விரலுக்கும் மும்மூன்று. மொத்தம் இருபத்தேழு. பெருவிரல் அடியில் இருக்கிற மூட்டைத் தொட்டுக் காட்டி, குதிரையின் சேணம் மாதிரி இது, இந்த ஒரு மூட்டு இருப்பதால்தான் பெருவிரல் மற்ற எல்லா விரலையும் போய்த் தொடுகிறது, பாதிக் கை என்பது இந்தப் பெருவிரல்தான் என்றார். நான் மீன் முள்ளிலேயே பிறந்து வளர்ந்தவள். நடுமுள்ளும் பக்க முள்ளும் தவிர வேறு தெரியாது. ஒரு கைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அந்த நேரத்திலும் ஆச்சரியப்பட்டேன்.

"அப்ப ஒட்ட வெச்சிரலாம்தானே டாக்டர்?"

"எலும்புல பிரச்சனையே இல்லக்கா. ஒண்ணுகூட நொறுங்கல. தகடு வெச்சு முடுக்கியிருப்பேன்." எக்ஸ்ரே விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார். "ரத்தக் குழாய், நரம்பு, சதை எல்லாம் உறைஞ்சு உள்ளுக்குள்ள வெடிச்சுப் போச்சு. இனிமே அதுல ரத்தம் ஓடாது. ஐஸோட உப்பு போட்டீங்களா?"

போட்டேன் என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, உங்கள் தப்பு இல்லை, யாருக்குமே தெரியாது என்றார். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டுமாம். ஐஸ் சதையில் படவே கூடாதாம். குளிர வேண்டுமே தவிர உறையக் கூடாது. அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ரம்பம் கையை அறுத்ததோடு சரி. அதைக் கொன்றது நான்.

இவரிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். வார்டில் இவர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, கை வந்துச்சா என்பதுதான். வந்துச்சு என்றேன். ஒட்டிட்டாங்களா என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "எலும்பு நொறுங்கிப் போச்சாம் மச்சான்" என்றேன். இருபத்தேழு எலும்பும் முழுசாக இருந்த கையைப் பற்றி அப்படி ஒரு பொய் சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, மெஷின் பல் தேய்ந்திருந்தது, நான்தான் மாற்றாமல் விட்டேன் என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்தக் கையைப் பொட்டலமாக எங்களிடம் ஒப்படைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் மனுஷ உடம்பின் எந்தப் பாகத்தையும் தூக்கி எறிய மாட்டோம், மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும். இமாமைக் கேட்டோம். உயிரோடு இருப்பவரின் கைதானே, தொழுகை கிடையாது, குளிப்பாட்டுவதும் கட்டாயமில்லை, துணியில் சுற்றி மரியாதையாக அடக்கினால் போதும் என்றார். கட்டாயமில்லாவிட்டால் போகட்டும், நான் குளிப்பாட்டுகிறேன் என்றேன். இமாம் என்னைப் பார்த்தார், தடுக்கவில்லை. இவர் அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

வீட்டின் பின்கட்டில் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உறைந்தது எல்லாம் இளகிவிட்டிருந்தது. நிறம் கறுத்திருந்தது, ஆனால் இவர் கைதான். நடுவிரல் முட்டியில் மீன் செதில் கிழித்த தழும்பு இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மீன் வாடையும் இருந்தது. மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்கில் தண்ணீர் விட்டேன். தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதும்போது நீட்டுகிற ஆள்காட்டி விரலை இரண்டு தரம் கழுவினேன். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, எலும்பை எண்ண ஆரம்பித்தேன்.

விரலில் பதினாலும் சுலபமாகக் கிடைத்தன. உள்ளங்கையின் ஐந்தையும் புறங்கைப் பக்கம் தடவிக் கண்டுபிடித்தேன். மணிக்கட்டில்தான் தடுமாறினேன். அந்த எட்டும் துணியில் முடிந்த புளியங்கொட்டை மாதிரி ஒன்றோடு ஒன்று நழுவின. மூன்று தரம் எண்ணியும் ஆறுக்கு மேல் போகவில்லை. பெருவிரலைப் பிடித்துச் சுண்டுவிரலிடம் கொண்டுபோனேன். தடங்கல் இல்லாமல் போய்த் தொட்டது. அந்த மூட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மன்னிச்சுக்கோ என்று அந்தக் கையிடம் சொன்னேன். கைக்குச் சொந்தக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளைத் துணியில் சுற்றியபோது ஒரு கிலோ சீனிப் பொட்டலம் அளவுதான் இருந்தது. ஹலீம் மச்சானும் இமாமும் எடுத்துப்போய் என் மாமனார் கபருக்குப் பக்கத்தில் அடக்கிவிட்டு வந்தார்கள். நான் வாசலில் நின்றேன். ஆளை வழியனுப்புகிற மாதிரி சலாம் சொன்னேன், சொல்லலாமா கூடாதா என்று தெரியாமலே.

இவர் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் வாழ்க்கை வேறு மாதிரி ஆனது. சாப்பாட்டை இடது கையால் தொட மாட்டேன் என்று பிடிவாதம். அல்லாஹ் மன்னிப்பான், நிலைமை அப்படி என்று இமாமே வந்து சொன்னார், கேட்கவில்லை. அதனால் மூன்று வேளையும் நான்தான் பிசைந்து ஊட்டினேன். நாற்பத்தேழு வயசு ஆம்பளை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மீன் முள்ளைப் பார்த்து எடு என்று அதட்டுவார். முள் எடுக்கத் தெரியாதவளா நான் என்று நானும் அதட்டுவேன். சில நாள் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் அடுத்த கவளத்தை உருட்டிவிடுவேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், "மீரா, விரலு குளிருது" என்றார். இல்லாத விரலைத்தான் சொன்னார். கை போனவர்களுக்கு அது இருப்பது போலவே தோன்றும் என்று டாக்டர் ஷர்மினி முன்பே சொல்லியிருந்தார். வலிக்கும் என்றார், அரிக்கும் என்றார். குளிரும் என்று சொல்லவில்லை. இவருக்குக் குளிர்ந்தது. ஐஸுக்குள் விட்ட மாதிரி இருக்கு புள்ள, விரல் நுனியெல்லாம் சில்லுனு இருக்கு என்பார். நான் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, முடிந்துபோன முன்கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் குளிர்கிறது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பேன்.

மாதம் ஒரு தடவை ஜொகூர் பாருக்குப் போவோம். இவரை டாக்டரிடம் தனியாக விடவே மாட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பத்துக் கேள்வி கேட்டுவிடுவேன். நான் இவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று டாக்டருக்குப் புரிந்தது. ஒரு தரம் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஒரு தடவை முன்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். இவர் திருப்பினார். தோலுக்கு அடியில் அந்த இரண்டு எலும்பில் ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று புரண்டு வந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளங்கையே இல்லை, ஆனால் உள்ளங்கையை நிமிர்த்தியும் கவிழ்த்தியும் காட்டிக்கொண்டிருந்தார். அசைவு நன்றாக இருக்கிறது, செயற்கைக் கை பொருத்த வசதி என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு நடுவில்தான் இவர் ஊரெல்லாம் பேச ஆரம்பித்தார். பார்க்க வருகிறவர்களிடம் இவருக்குச் சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது போல. தன் கதையைச் சொன்னால் அழுகை வரும், அதனால் என் கதையைச் சொன்னார். வேறொருத்தியாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பாள், என் மீரா வாளியில் கையைத் தேடி எடுத்து, ஐஸும் உப்பும் போட்டுப் பெட்டி கட்டி, தனியாக வேன் ஓட்டிக்கொண்டு போனாள். கை அப்படியே ஃப்ரெஷ்ஷாக இருந்தது, எலும்புதான் கைவிட்டுவிட்டது என்பார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். படகுக்காரர்கள் சிலர், உப்பு எத்தனை போட வேண்டும் என்று விசாரித்து மனசில் போட்டுக்கொண்டார்கள். நான் தட்டைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். இது நல்லதுக்கில்லை என்று எனக்கே தெரிந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு மாதம் ஓடிப்போனது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. நான் பசியாறுவதற்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவருடைய போன் அடித்தது. இடது கையால் காதில் வைக்க வராது என்பதால் மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போடுவதுதான் இவர் பழக்கம். கெர்ட்ரூட் பேசினாள். அவள் புருஷன் வாலண்டைன் தீவுகளுக்குப் போகிற படகுகளின் எஞ்சினைப் பழுது பார்க்கிறவர், இவருக்குக் கூட்டாளி. எங்கள் கதையை நாற்பது தடவையாவது கேட்டிருப்பார்.

வாலண்டைன் வீட்டில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தாராம். பாராங் கத்தி வழுக்கி இடது பெருவிரல் துண்டாக விழுந்துவிட்டதாம். இரத்தத்தைத் துணியால் கட்டியாயிற்று, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, விரல் கையில் இருக்கிறது, என்ன செய்யட்டும் அண்ணே என்றாள்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் இவரிடம் யாரும் ஒரு யோசனை கேட்டதில்லை. எல்லோரும் பாவம் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். முகத்தில் பழைய சாஜித் வந்தார்.

"பயப்படாத கெர்ட்ரூட். ஐஸ் இருக்கில்ல? அதுக்குள்ள விரலைப் போடு. மேல கல்லுப்பு நல்லா அள்ளிப் போடு, அப்பத்தான் நல்லா குளிரும். மீரா எனக்கு அப்படித்தான் செஞ்சா."

நான் அடுப்பருகில் நின்றேன். பொய் சொல்ல விரும்பவில்லை: அரை நொடி யோசித்தேன். அந்த அரை நொடியில், விரல்தானே, முழுக் கையும் இல்லையே என்று ஒரு நினைப்பு வந்து போனது. அப்படி ஒரு நினைப்பு எனக்குள் வந்ததற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் போனுக்கு மேல் குனிந்தேன்.

"கெர்ட்ரூட், உப்பு போடாத. ஐஸ் விரல்ல படவே கூடாது. சுத்தமான துணிய நனைச்சுப் பிழிஞ்சு விரலச் சுத்து. பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டு. ஒரு டப்பாவுல தண்ணி ஊத்தி ஐஸ் போட்டு, அந்தத் தண்ணிக்குள்ள பைய வை. நான் சொல்றத மட்டும் கேளு."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள், செய்தாள். பை கட்டுகிற சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள். கல்லில் தோசை கருகி வீடெல்லாம் புகை. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"இதெல்லாம் யாரு சொன்னது?" என்று இவர் கேட்டார்.

"டாக்டர்."

"எப்ப?"

"அன்னைக்கே."

இவர் தன் முன்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீன் வியாபாரி, கணக்குப் போட இவருக்கு ரொம்ப நேரம் ஆகாது.

"அப்ப எலும்பு?"

"எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். ஒண்ணுகூட நொறுங்கல. நான்தான்..."

திட்டியிருக்கலாம். மேஜையைக் கவிழ்த்திருக்கலாம். இவர் எழுந்து, ஒற்றைக் கையால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கொட்டகைக்குப் பக்கத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று ஹலீம் மச்சான் வந்து சொன்னார். மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சாயங்காலம் திரும்பி வந்தவர், தட்டில் கிடந்த ரொட்டியை இடது கையால் பிய்த்துத் தின்றார். நாலு மாதமாக இமாம் சொல்லியும் கேட்காதவர் அன்றைக்குத் தானாகவே தின்றார். நான் ஊட்டுகிற கவளம் வேண்டாம் என்பதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு என் போன் அடித்தது. கெர்ட்ரூட்தான். இவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். இனிமேல் இந்த வீட்டில் மறைத்துக் கேட்க ஒன்றும் இல்லை என்று நானும் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மீராக்கா, ஒட்டிட்டாங்கக்கா. விரல் சிவப்பா இருக்கு, தொட்டா சூடா இருக்கு. நர்ஸ் மிஸிங்க மணிக்கு ஒருக்கா வந்து தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க. யாரு இவ்வளவு ஒழுங்கா கட்டுனதுன்னு ஷர்மினி டாக்டர் கேட்டாங்க. மெர்சிங்ல மீராக்கா சொன்னாங்கன்னு சொன்னேன். அவங்க விரல இன்னொரு தரம் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க."

வாலண்டைனுக்கு எங்கள் சலாத்தைச் சொல் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு பெருவிரல் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சூடான விரலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றேன்.

"மீரா."

திரும்பினேன்.

"எத்தன டின் போட்ட?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ரெண்டு."

காலையில் பெட்டி அனுப்பும்போது தூரத்தையும் வெயிலையும் கணக்குப் பார்ப்பாரே, அப்படி யோசித்தார் இவர்.

"ஜொகூர் பாரு வரைக்கும் ரெண்டு பத்தாது" என்றார். "நானா இருந்தா மூணு போட்டிருப்பேன்."

ரம்பம் அறுத்த அன்று அழவில்லை, கையை அடக்கம் செய்தோம் என்று சொன்ன அன்றும் அழவில்லை. இப்போது இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். ஒரு கையால் முகம் முழுக்க மூடாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து மிச்சப் பாதியை என் கையால் மூடினேன்.